திரைக்குப் பின்னால் ஓர் ஊர்

(நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புகைப்படத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேச வருகிறவன் வடலூரைத் தாண்டிப் போக முடியாது. வள்ளலாரைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற படக்காரரை அன்பர்கள் வரவழைத்தார்களாம். எட்டு முறை எடுத்தாராம். உடுத்திய வெள்ளைத் துணி விழுந்ததே தவிர, உடல் விழவில்லை என்று சன்மார்க்க அன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 1874 ஜனவரி 30-ஆம் தேதி அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்று நம் ஊர்க் கடைகளில் கல்லாவுக்கு மேலே கைகட்டி நிற்கிறாரே, முக்காடிட்ட அந்த உருவம் ஓவியர்கள் வரைந்து தந்தது. ஆக, நம் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த புகைப்படம் எதுவென்றால், விழாமல் போன ஒரு புகைப்படம்.

அதை ஓர் அற்புதமாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்கு அதில் வேறொரு செய்தி கிடைக்கிறது. 1874-க்கு முன்பே, கூரை வீடும் முந்திரிக்காடுமாக இருந்த தென்னாற்காட்டின் இந்த மூலைக்கு ஒரு கேமரா வந்துபோனதாக ஊர் நினைவில் வைத்திருக்கிறது. லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் 1858-இல் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் எடுத்தபோது, அவர் பின்னால் ராஜதானி அரசாங்கம் இருந்தது. கோபுரத்துக்கு அரசாங்கம் செலவு செய்யும். நம் திண்ணைக்கு யார் செலவு செய்வார்கள்? அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

நெய்வேலியின் அரசாங்கக் கதை உங்களுக்கு மனப்பாடம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கரிய பொருள் மேலே வந்தது. 1956 நவம்பர் 14-இல் சுரங்கக் கம்பெனி பதிவானது. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டு 24-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம். இந்தத் தேதிகளுக்கெல்லாம் படம் உண்டு. மாலை, குடை, கொடி, மேடை, ஆளைவிடப் பல மடங்கு உயரமான எந்திரம். இதே 1957-க்கும் 1961-க்கும் நடுவில் வண்டி கட்டிக்கொண்டு பெருமாத்தூரிலிருந்தும் தாண்டவன்குப்பத்திலிருந்தும் புறப்பட்ட வீடுகளுக்குப் படம் வேண்டுமென்றால், டிரங்குப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும்.

திறந்தால் என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் படங்களில் குடும்பம் இருக்கிறது, ஊர் இல்லை. ஊர் இருப்பது இரண்டு வகைப் படங்களில். ஒன்று சாவு வீட்டில் எடுத்தது. மற்றொன்று ஆயுத பூஜையன்று கடையில் எடுத்தது.

முதலில் ஸ்டுடியோ. பண்ருட்டிக்கோ கடலூருக்கோ பஸ் ஏறிப் போய், பிற்காலத்தில் மந்தாரக்குப்பத்துக்கோ மெயின் பஜாருக்கோ நடந்து போய், எண்ணெய் தேய்த்துத் தலை வாரி நின்ற படங்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். பின்னால் ஒரு திரை. திரையில் ஒரு மாளிகை, வளைந்த படிக்கட்டு, தாமரைக் குளம், சில இடங்களில் அன்னமும் உண்டு. முன்னால் ஸ்டுடியோவுக்குச் சொந்தமான நாற்காலி, பூச்சாடி, ஒலிக்காத ரேடியோ, மணி அடிக்காத டெலிபோன். கைக்கடிகாரமும் கோட்டும் இரவல். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் சேய்டு கெய்தா என்பவர் 1948-இல் ஸ்டுடியோ வைத்தார். இன்று உலக அருங்காட்சியகங்களில் தொங்கும் அவருடைய படங்களிலும் இதே ரேடியோ, இதே கடிகாரம். ஏழை நாட்டு மனிதர் எல்லாரும் ஒரே கனவைத்தான் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறை மாளிகை முன்னால் நிற்கிறாள். நிற்கட்டும். ஆனால் அந்தத் திரை அவள் வீட்டையும் தெருவையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. டச்சிங் என்ற வேலை இன்னும் ஒருபடி மேலே போகும். நெகட்டிவின் மேல் மெல்லிய மருந்து தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பது பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு போகும், கண்ணடிக் கருமை போகும், கூடவே நிறமும் ஒரு படி ஏறிவிடும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமென்றால் கேட்காமலே ஏறும். நம் பாட்டிகள் எல்லாரும் படத்தில் சிவப்பாக இருப்பதற்கு அந்தப் பென்சில்தான் காரணம்.

புதுச்சேரிக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணம். அங்கே உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. கோயில் சிற்பங்களை லட்சத்துக்கும் மேலாகப் படம் எடுத்துச் சேர்த்ததால் பெயர் பெற்றது. அதே இடத்தில் ஜோயி ஹெட்லி என்ற ஆய்வாளரின் முயற்சியால், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் டிஜிட்டலாக்கும் வேலை நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குப் பணம் கொடுத்தது. கோயில் சிலைக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை ஒரு மளிகைக்கடைக்காரர் குடும்பப் படத்துக்கும் உண்டு என்று ஒரு நிறுவனம் நினைத்தது பெரிய காரியம். அந்த வேலையில் இறங்கியவர்கள் கண்டது வேதனையானது. ஸ்டுடியோக்கள் மூடியபோது கண்ணாடி நெகட்டிவைச் சுரண்டிக் கழுவிப் படச் சட்டத்துக்குக் கண்ணாடியாக விற்றிருக்கிறார்கள். ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி உலோகம். எரித்தால் முகம் போகும், வெள்ளி வரும்.

இனி சாவுப் படம். இதைப் பற்றிப் பேசினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். வீட்டில் வைக்கக் கூடாது என்று பெட்டிக்கு அடியில் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் ஒருவர் இறந்ததும், உயிரோடு இருந்த காலத்தில் படமே எடுக்கவில்லையே என்ற நினைவு அப்போதுதான் வரும். ஸ்டுடியோவுக்கு ஆள் ஓடுவான். படக்காரர் சைக்கிள் கேரியரில் கேமராவையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு வருவார். உடலைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளை, பேரன், சம்பந்தி என்று நிறுத்தி எடுப்பார். ஸ்டுடியோத் திரையைச் சாவு வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. வெளிச்சம் வேண்டுமென்பதால் வாசலில்தான் எடுப்பார். அங்கேதான் ஊர் உள்ளே நுழைகிறது.

அப்படி ஒரு படத்தை ஒரு குடும்பத்தார் எனக்குக் காட்டினார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்தவர்கள். இறந்தவர் அந்த வீட்டுப் பெரிய கிழவி. காட்டிய பேரனுக்கே அறுபதைத் தாண்டிவிட்டது. நான் முதலில் கிழவியைப் பார்த்தேன், எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம். அவர் விரலை வைத்தது வேறிடத்தில். கூரையின் இறவாணம் கிழவியின் தலைக்கு ஒரு முழம் மேலே வரை தாழ்ந்திருக்கிறது. இடப்பக்கம் மண் திண்ணை, சுண்ணாம்பு பூசி விளிம்பில் செம்மண் பட்டை அடித்தது. திண்ணை மேல் கவிழ்த்துவைத்த மரக்கால். வலப்பக்கம் ஒரு பலாமரத்தின் அடிமரம், அதில் ஆட்டுக்கயிறு, ஆடு இல்லை. கோடியில் ஒரு பையன் அசைந்துவிட்டான், அவனுக்கு முகமே இல்லை. அந்தப் பையன் நான்தான் என்றார் பேரன். அழுதுகொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள், கிழவி யாரென்றே சரியாகத் தெரியாத பையன் மட்டும் அசைந்திருக்கிறான்.

நிலம் எடுக்கும் காகிதத்தில் சர்வே எண் இருக்கும், பரப்பளவு இருக்கும், கிணறு எத்தனை, பலன் தரும் மரம் எத்தனை என்று இருக்கும். திண்ணை இடப்பக்கமா வலப்பக்கமா என்று இருக்காது. அந்த வீடு இருந்த இடத்தில் இன்று தரையே இல்லை. மேல்மண்ணை வெட்டி, கரியை எடுத்து, வேறிடத்து மண்ணைக் கொட்டி மூடியாகிவிட்டது. அந்த வீட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, வீட்டில் வைக்கக் கூடாது என்று கவிழ்த்துப் போட்ட அந்தப் படம். துக்கப்படத்தை எரிப்பது உங்கள் குடும்பத்தின் உரிமை, நான் மறுக்கவில்லை. எரிப்பதற்கு முன்னால் பின்னணியை ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

மூன்றாவது வகை கடைப் படம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் சாதாரண நாளில் கடையைப் படம் எடுக்க மாட்டார். வியாபார நேரத்தில் யார் போய் நிற்பார்கள்? இரண்டு நாள்தான் எடுப்பார். திறப்பு விழா அன்று, பிறகு ஆயுத பூஜை அன்று. திறப்பு விழாப் படத்தில் பிரமுகர்கள் கடையை மறைத்துவிடுவார்கள். ஆயுத பூஜைப் படத்தில் முதலாளியும் வேலையாட்களும் பையன்களும் சாமான்களும்தான். ஒரு தொழிலின் மொத்தச் சரக்கும் வெளியே வந்து சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரே நாள் அதுதான். இந்தப் பண்டிகை இல்லாவிட்டால் தமிழ்நாட்டுச் சிறுதொழில்களுக்குப் படமே இருந்திருக்காது.

ஒரு சைக்கிள் கடைப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். கடை நெய்வேலிப் பக்கத்தது. தென்னங்கீற்றுச் சாய்ப்பு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஏர் பம்புக்குப் பொட்டு. கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டில் மாட்டிய சக்கரத்துக்குப் பூச்சரம். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. வாடகைச் சைக்கிள்கள் ஒரு வரிசை, ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண். 3 மட்டும் இல்லை. யாரோ வாடகைக்கு எடுத்துப் போய்ப் பூஜை நாளிலும் திருப்பிவிடவில்லை. முதலாளி வேட்டி சட்டையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வேலைப் பையன்கள் இருவர், ஒருவனுக்குச் சட்டை பெரியது. தோள் தையல் முழங்கை அருகே தொங்குகிறது, முதலாளி கொடுத்த சட்டையாக இருக்கலாம். சுவரில் தேதிக் காலண்டர். பெரிய எண் தெரிகிறது, சிறிய எழுத்தில் உள்ள ஆண்டு தெரியவில்லை.

ஆண்டு தெரியாவிட்டால் என்ன? ஆயுத பூஜை திதியைப் பார்த்து வருவது, வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். அந்தத் தேதியில் எந்தெந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது என்று பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். மற்றதைக் கடைப் பலகையும் சுவரும் சொல்லும். இது ஒரு சுவையான துப்பறியும் வேலை, வீட்டிலேயே செய்யலாம். விலைப்பலகையில் 'ந.பை.' என்று இருந்தால், படம் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் நடுவில் எடுத்ததாக இருக்கும். நயா பைசா வந்தது முன்னது, 'நயா' என்ற சொல் போனது பின்னது. (பலகையை அழித்து எழுதச் சோம்பல்பட்ட கடைக்காரருக்காக இரண்டொரு வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள்.) சுவரில் இரட்டைக் காளைச் சின்னம் என்றால் 1969-இல் காங்கிரஸ் உடைவதற்கு முந்திய காலம். இரட்டை இலை என்றால் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்குப் பிந்தியது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிறகு. 'தெ.ஆ. மாவட்டம்' என்று இருந்தால் 1993-இல் கடலூரும் விழுப்புரமுமாகப் பிரிவதற்கு முன்பு. 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நின்றால் பலகை எழுதியது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கடைசிச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள், பழகிய கையை விடாத பெயின்டர்கள் அதன் பிறகும் பல வருஷம் தும்பிக்கை போட்டார்கள்.

படத்தைத் திருப்பியும் பாருங்கள். ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும், அதோடு பேப்பர் கம்பெனியின் பெயர் மங்கலாக ஓடும். ஆக்ஃபா, கோடக் என்று இருந்த இடத்தில் 'இந்து' என்று வந்தால் அது ஊட்டிச் சரக்கு. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இலிருந்து உற்பத்தி செய்தது. நெய்வேலி போலவே அதுவும் அரசாங்கக் கம்பெனி, அதற்கும் குவார்ட்டர்ஸ், ஷிப்ட், சங்கம் எல்லாம் இருந்தன. டிஜிட்டல் கேமரா வந்தபின் நலிந்து மூடிப்போனது. பொதுத்துறைத் தொழிலாளி ஒருவர் செய்த பேப்பரில் இன்னொரு பொதுத்துறைத் தொழிலாளியின் கல்யாணம் பதிந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த ஒரு செய்தி.

கடைப் படங்களில் பழைய சரக்கும் கிடைக்கும். டீக்கடை ஓரத்தில் அடுக்கிய சாக்குகளில் கரிக்கட்டி இருந்தால் அது லெக்கோ. நம் பழுப்பு நிலக்கரியை அச்சில் அடித்துச் சுட்டு அடுப்புக்கு விற்றது. டீக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், ஓட்டல்காரர் எல்லாரும் அதைத்தான் எரித்தார்கள். இன்று இருபது வயதுப் பிள்ளையிடம் லெக்கோ என்றால் விழிக்கும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு ஆயிரம் படம் உண்டு, லெக்கோ சாக்குக்குப் படம் ஒரு டீக்கடைக்காரர் வீட்டில்தான் கிடைக்கும்.

இந்தப் படங்களில் இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். கடைப் படத்தில் பெண் இல்லை. இட்லிக்கடை நடத்திய அம்மா, கூடையில் பூ விற்றவர், முந்திரி உடைத்து நாட்கூலி வாங்கியவர்கள், காலனியிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள், இவர்களுக்குக் கடையும் இல்லை, பூஜை போட ஆயுதமும் தங்கள் பெயரில் இல்லை. இவர்களில் பலருக்கு முதல் படம் காகிதத்துக்காக எடுத்தது. கான்ட்ராக்ட் வேலைக்குப் பாஸ் வேண்டுமென்று எடுத்தது, பிறகு 1993-இல் தொடங்கிய வாக்காளர் அட்டைக்கு எடுத்தது. ஸ்டுடியோக்களுக்கும் கல்யாணத்தைவிட அன்றாடம் சோறு போட்டது பாஸ்போர்ட் சைஸ் படம்தான். நெகட்டிவ் சுருளில் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகங்கள் வரும். பெயர் இல்லை, பில்லில் எண் மட்டும். அதனால்தான் மூடப்போகும் ஸ்டுடியோவில் படத்தோடு பில் புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன். பில் புத்தகம் போனால் அந்த எண்ணுக்குப் பெயர் கிடையாது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு உள்ளே கதை வேறு. அங்கே பிளாக், ரோடு, வீட்டு எண் எல்லாம் ஒழுங்கு. குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த குடும்பப் படத்தில் வராந்தாவைப் பார்த்தாலே அப்பாவின் கிரேடு தெரிந்துவிடும். கொடியும் குரோட்டன்ஸும் மட்டுமே வீட்டுக்கு வீடு மாறும். ரிட்டயர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு. ஆகவே அந்தக் குடும்பங்களும் ஒரு வகையில் ஊரை விட்டு வந்தவர்கள்தான், ஆனால் நிலம் கொடுத்தவர்களின் இழப்போடு அதைச் சேர்த்து எண்ண மாட்டேன். ஓய்வூதியத்தோடு போவது வேறு, பெயர்த்தெடுத்துப் போவது வேறு.

இப்போது எது முதலில் அழியும் என்று பார்க்கலாம். பழசுதான் முதலில் அழியும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. நன்றாகக் கழுவிய கருப்பு வெள்ளைப் பிரிண்ட் நூறு வருஷம் தாங்கும். ஆபத்தில் இருப்பது 1970-களிலும் 80-களிலும் எடுத்த கலர்ப் படம். கலர்ப் படத்தில் வெள்ளி மிஞ்சாது, சாயம்தான் உருவம். அந்தக் காலப் பேப்பரில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் இருட்டுப் பெட்டிக்குள்ளேயே வெளிறிவிடும், படம் செக்கச்செவேலென்று ஆகும். உங்கள் அக்கா கல்யாண ஆல்பம் அப்படி ஆகியிருக்கும். மேலே பிளாஸ்டிக் தாளைப் பிரித்து ஒட்டும் ஸ்டிக்கர் ஆல்பம் இன்னும் கெடுதல், அதன் பசையே படத்தை மஞ்சளாக்கும். ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை வந்தால் நெகட்டிவ் உள்ளுக்குள் சிதையத் தொடங்கிவிட்டது, அதை மற்றவற்றிலிருந்து அன்றைக்கே பிரித்துவையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது கூரைகளோடு எத்தனை ஆல்பம் போயிற்று என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, அதற்கு நிவாரணமும் கேட்க முடியாது. 2015 வெள்ளத்திலும் அப்படியே. நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் தானே விலகும், படப்பக்கம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை எடுக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

ஜெர்மனிக்கு ஒரு நிமிடம் போய் வருவோம். நம் சுரங்கத்தின் பக்கெட் வீல் எந்திரங்களின் தாய்வீடு அது. அதன் கிழக்கே லவுசிட்ஸ் என்ற வட்டாரத்திலும் பழுப்பு நிலக்கரிதான், அங்கேயும் வேறொரு சிறிய மொழி பேசும் மக்கள், சோர்பியர்கள். ஹோர்னோ என்ற ஊர் பல ஆண்டுகள் வழக்காடியும் தப்பவில்லை. 2004-இல் அதன் தேவாலயத்தையும் வெடிவைத்து இடித்தார்கள். ஊர்க்காரர்கள் ஃபோர்ஸ்ட் நகரத்தை ஒட்டிப் புதிதாகக் குடியேறினார்கள். அங்கே 2006-இல் 'மறைந்த ஊர்களின் ஆவணக் காப்பகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்த வட்டாரத்தில் சுரங்கம் முழுதாகவோ பாதியாகவோ விழுங்கிய 130-க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு அது ஒரே இடம். படம், வரைபடம், பேச்சு எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊரைக் காப்பாற்ற முடியவில்லை, ஊர்ப்பெயரையாவது ஒரு கதவில் எழுதிவைத்தார்கள். நமக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. வேலுடையான்பட்டு முருகன் கோயில் ஊர் போன பிறகும் டவுன்ஷிப்புக்குள் நிற்கிறது, பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுவட்டாரமே வருகிறது. அந்த நாளில் நான்கு மேசையும் இரண்டு ஸ்கேனரும் போட்டால் போதும், ஊர் தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்.

இதில் அவசரமும் இருக்கிறது. சுரங்கம் நின்றுவிடவில்லை. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் கதிர் வந்த நெல்வயலில் வாய்க்கால் வெட்ட எந்திரம் இறங்கியதைக் கையில் போன் இருந்தவர்கள் எல்லாரும் எடுத்தார்கள், ஒரே நாளில் நாடு முழுக்கப் பார்த்தது. 1957-இல் போனவர்களிடம் போன் இல்லை. இப்போது போகிறவர்களிடம் ஆயிரம் படம் இருக்கிறது, ஆனால் அவை இருப்பது போனில். போன் உடைந்தால் அதுவும் போயிற்று.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் பதில், ஓரிடத்தில் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் திருடர்கள் முடக்கினார்கள், இணையத்தில் இருந்த தொகுப்புகளைப் பல மாதங்கள் யாராலும் பார்க்க முடியவில்லை. யாழ்ப்பாணம் நூலகம் 1981-இல் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்தவையெல்லாம் ஒரே இரவில் போயின. லண்டனில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று இருப்பது நல்லதே. ஒன்று இங்கேயும் இருக்க வேண்டும், வடக்குத்து நூலகத்திலோ பள்ளியிலோ. பாட்டி படத்தைப் பார்க்க யாரும் விசா எடுக்கக் கூடாது.

படம் யாருடையது என்று ஸ்டுடியோக்காரர்களும் குடும்பத்தாரும் கேட்கிறார்கள். நெகட்டிவ் ஸ்டுடியோவுக்கு, பிரிண்ட் வீட்டுக்கு என்பது கடைத்தெரு வழக்கம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரையே படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் மைக் டிஸ்ஃபார்மர் என்றொரு ஸ்டுடியோக்காரர் இருந்தார், விவசாயிகளையும் கடைக்காரர்களையும் மலிவாக எடுத்தவர். 1959-இல் இறந்தார். கண்ணாடி நெகட்டிவ்கள் கைமாறி, 1976-இல் புத்தகமாகி, பெரும் பெயர் வந்தது. பிறகு அதே ஊர் வீடுகளிலிருந்த பழைய பிரிண்ட்களையும் வியாபாரிகள் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். நம் ஊருக்கும் நாளை அப்படி ஒருவர் வரலாம். வந்தால் படத்தைக் காட்டுங்கள், ஸ்கேன் செய்துகொள்ளச் சொல்லுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் ஒரு படத்தைக் காட்ட வேண்டாம் என்றால், ஆண்கள் அதை எடுத்துவந்து கொடுக்காதீர்கள். அந்த மறுப்புக்கு அவர்களிடம் காரணம் கேட்கவும் வேண்டாம்.

வரும் ஆயுத பூஜைக்கு இங்குள்ள இந்திரா நகர்க் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். அதோடு ஒருவர் ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போய், பலகையும் பக்கத்துக் கடையும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள். முதலாளி பெயரோடு நிறுத்தாதீர்கள், வடக்கேயிருந்து வந்து உங்கள் கடையில் பரோட்டா போடும் பையனின் பெயரும் ஊரும் வேண்டும். பிரிண்ட் போட்டால் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மறுபக்கம் ஊறும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், பலகை எழுத்தைப் படிக்க முடியாது.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். பழைய படம் கொண்டுவந்திருப்பவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள், ஸ்கேனர் இருக்கிறது, பெயர் எழுதிக்கொள்ள ஆளும் இருக்கிறார். ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.